வாய்க்கு முன்னால் வந்த வசனம்

அவர் சிரித்துவிட்டார்.

திரையில் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளையை முறைத்தபடி மாமனார் வேடக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அதற்குள் தனி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் தோள் குலுங்கச் சிரித்து, கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டும் ஆயிற்று. பிறகுதான் மாமனார் அந்த நையாண்டியைச் சொன்னார்.

சோபாவில் இருந்த அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் ஒருவர் சிரித்துத் தீர்த்துவிட்ட ஜோக்கை மறுபடி எப்படிச் சிரிப்பது?

கோளாறு கண்ணெதிரிலேயே இருந்தது. திரையின் அடியில் ஓடும் சப்டைட்டில் வாய்க்கு முந்திக்கொண்டு வந்தது. கதவு தட்டப்படுமுன்பே ‘யாரது?’ என்ற கேள்வி. அடி விழுமுன்பே ‘ஐயோ’. முந்தைய நாள் பார்த்த துப்பறியும் படத்தில் இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கவே இல்லை, எழுத்து கொலைகாரனைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அவள் தலையணையைத் தூக்கி டீவிமேல் போடப் போனாள்.

அவள் லிஃப்ட் மெக்கானிக். அலுவலகக் கட்டடங்களில் ஆட்கள் வந்து சேருமுன் லிஃப்டுகளைப் பார்த்துவிட வேண்டும் என்பதால் விடியும்போதே கிளம்பிவிடுவாள். மத்தியானம் வீடு திரும்புவாள். அவருக்குத் தெருமுனையில் சலூன். சாப்பாட்டு நேரக் கூட்டம் கலைந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளுக்குச் சற்று முன்பே வீட்டுக்கு வருவார், வெயில் தாழ்ந்ததும் போவார். இரண்டு பேருடைய நாளும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வது அந்த இடைவெளியில்தான். ஜன்னல் துணியை இழுத்துவிட்டால் அறை தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலப் பச்சையாக மங்கும். மின்விசிறி மெல்லச் சுற்றும். அந்த மங்கலில் இருவரும் படம் பார்ப்பார்கள்.

அதற்கென்றே ஒரு பெட்டி. உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கம்ப்யூட்டர். டீவியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஓடும் மீடியா சென்டர் மென்பொருளை யாரும் விற்கவில்லை. எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாதவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதி, எடுத்துக்கொள் என்று பொதுவில் வைத்தது. அவளே இறக்கி, அவளே பொருத்தினாள். சுவிட்சைப் போட்டதும் திரையில் ஒரு நொடி வானவில் நிறத்தில் ஒரு சதுரம் பூத்து மறையும். பெட்டி கனவு கண்டு விழிப்பதுபோல இருக்கும் என்பாள். அவர், “இஞ்சினியர் அம்மா, கனவு போதும், படத்தைப் போடு” என்பார்.

என்பார் என்று எழுதுவதுகூடத் தப்பு. முன்பெல்லாம் சொன்னார்.

இப்போது அவர் பேச்சு குறைந்துவிட்டது. அடுப்படியிலிருந்து ஏதாவது கேட்டால் பதில் வராது. திரும்பி வந்து கேட்டால், தூக்கத்திலிருந்து எழுந்தவர்போல ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு ஒற்றை வார்த்தை சொல்வார். சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எதிர்ப்பக்கம் தனி நாற்காலி போட்டுக்கொண்டார். கேட்டதற்கு முதுகு வலி என்றார். படங்களிலும் ஆயிரம் நொள்ளை. டப்பிங் படம் வேண்டாம், வாய் ஒட்டவில்லையாம். அடர்ந்த மீசைக்காரன் ஹீரோவாக வந்தால் போச்சு. அந்த மீசையை மட்டும் எடுத்திருந்தால் நன்றாக நடித்திருப்பான் என்று ஒரு சலூன்காரர் சொன்னால் மறுத்துப் பேச முடியுமா? சொந்த மொழிப் படத்துக்கே சப்டைட்டில் வேண்டும் என்று அடம் பிடித்தவரும் அவர்தான். எதற்கு என்று கேட்டதற்கு, இப்போது வருகிற நடிகர்களில் யார் வாயைத் திறந்து பேசுகிறான் என்று திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

போகட்டும், அந்த மங்கல் நேரமாவது மிச்சமிருக்கிறதே என்றிருந்தாள். அதற்கும் இப்போது ஆபத்து. மாமனார் ஜோக்குக்கு மறுநாள், தட்டைக் கழுவியபடியே அவர் சொன்னார்:

“தினமும் படம் பாத்தே ஆகணுமா என்ன? நீ வேணா பாரு. நான் கடையிலேயே கொஞ்சம் படுத்துக்கறேன்.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

இந்த வாரத்துக்குள் அந்தப் பெட்டியைச் சரிசெய்தாக வேண்டும். சரிசெய்யாவிட்டால் அந்த நாற்காலி காலியாகிவிடும்.

மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டை அவள் கையாளும் முறை ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

முதலில் சப்டைட்டில் கோப்பைச் சந்தேகித்தாள். வேறு வேகத்தில் ஓடும் பிரதிக்காக எழுதியதாக இருந்தால் படம் ஓட ஓட இடைவெளி வளரும். இது வளரவில்லை. ஆரம்பக் காட்சியிலும் இரண்டரை விநாடி முன்னால், ‘வணக்கம்’ போடும்போதும் இரண்டரை விநாடி முன்னால். அமைப்புகளைத் திறந்தாள். சப்டைட்டில் தாமதம் என்ற வரியில் யாரோ வைத்ததுபோல அந்த எண் உட்கார்ந்திருந்தது. அதைப் பூஜ்யமாக்கினாள். அதற்குக் கீழே ‘எல்லாப் படங்களுக்கும் இதுவே’ என்றொரு வரி; அதையும் அழுத்தினாள். ஓட்டினாள். வாயும் எழுத்தும் கைகோத்துக்கொண்டு நடந்தன.

மறுநாள் மத்தியானம் எழுத்து மறுபடி முன்னால் ஓடியது.

திரையின் மூலையில் அவ்வப்போது ஒரு மின்னல் குறி மினுக்குவது கண்ணில் பட்டது. மின்சாரம் போதவில்லை என்று பெட்டி முனகுகிறது. மின்சாரம் தள்ளாடினால் எண்கள் புத்தி பேதலிக்கலாமோ? அடாப்டரை மாற்றினாள். மின்னல் போனது. இரண்டரை விநாடி போகவில்லை. கேபிளை மாற்றினாள். போகவில்லை. கடைசியில் மெமரி கார்டையே தூக்கிவிட்டுப் புதிய கார்டில் மென்பொருளை முதலிலிருந்து ஏற்றினாள். பெட்டி பிறந்த குழந்தையாக விழித்தது. ஒவ்வொரு படத்தின் போஸ்டரையும் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து, மங்கிய அறையில் ஒவ்வொன்றாக ஏற்றி வைத்தது. இரண்டு நாள் எல்லாம் சொர்க்கம். மூன்றாம் நாள் திரையில் ஒரு பெண் உதட்டைப் பிரிக்குமுன் அவள் சொல்லப்போகும் பொய் அடியில் வந்து நின்றது.

அவர் நாற்காலியில் நெளிந்தார். “விட்டுடு, பழைய பெட்டி” என்றார். அவள் ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு டீவிக்குப் பின்னால் தலையை விட்டபடி என்னவோ பதில் சொன்னாள்.

இந்த மென்பொருளுக்கென்று இணையத்தில் ஒரு பேச்சு மேடை உண்டு. எந்த நாட்டிலோ விழித்திருப்பவர்கள் எந்த நாட்டிலோ பெட்டியுடன் மல்லுக்கட்டுகிறவர்களுக்குக் கை கொடுக்கும் இடம். அங்கே போய் எழுதினாள். முதல் ஆள், ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைப் படித்துவிட்டு வா என்று குட்டினான். இரண்டாவது ஆள் எல்லாவற்றையும் அழி என்றான், அழித்தாயிற்று. மூன்றாவதாக, ‘ஆந்தை’ என்ற புனைபெயரில் ஒருவர் வந்தார். அவள் மாற்றியவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒன்றே ஒன்று எழுதினார்: அந்த எண் தானாக மாறாது. அப்படிப் பார்ப்பது உங்கள் வீட்டில் யாருக்காவது பிடித்திருக்கிறதா?

அவளுக்குச் சுருக்கென்றது. பிடிக்குமா? யாருக்கு? வாழ்க்கையில் யாராவது ஜோக்கை முன்கூட்டியே படித்துவிட்டு ஜோக் கேட்பார்களா?

ஒரு ஆள் இருந்தாள். மாடியில் குடியிருக்கும் நாத்தனார். துணிக்கடையில் வேலை. வார விடுமுறையில் கீழே இறங்கி வந்து சீரியல் பார்ப்பதும், ரிமோட்டில் கண்ட பித்தானை அழுத்துவதும் அவள் வழக்கம். அண்ணி படியேறிப் போய் விசாரணையைத் தொடங்கினாள்.

நாத்தனார் ஈரத் துணியை உதறியபடி நின்றாள். “அய்யோ அண்ணி, போன தடவை ரிமோட்டைத் தொட்டதுக்கு நீங்க பாத்த பார்வையிலயே பாதி உசிரு போயிடுச்சு. மிச்ச உசிரு எனக்கு வேணும்.”

“அப்ப யாருடி மாத்தறது?”

“எங்கண்ணனைக் கேளுங்க.”

“அவருக்கு சவுண்டைக் கூட்டக் குறைக்கத் தவிர ஒண்ணும் தெரியாதுடி.”

“சவுண்டா?” நாத்தனார் துணியைக் கொடியில் போட்டாள். “நீங்க வர்றதுக்கு முன்னாடி அண்ணன் தனியா டீவி பாக்குமே, அப்ப சத்தமே வராது. ஜன்னல்ல வெளிச்சம் மட்டும் ஆடும். நான் லீவுல இருந்தா அந்த நேரத்துலதான் நிம்மதியா தூங்கறதே.”

தனியாக. சத்தமில்லாமல்.

படியிறங்கும்போது அவள் காலுக்குக் கீழே படிகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் தாமதமாக வந்ததுபோல இருந்தது. ஒரு ஆண்பிள்ளை யாருக்கும் தெரியாமல் சத்தத்தை அணைத்துவிட்டு என்ன பார்ப்பான்? நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, அவள் வேலை செய்யும் கட்டடத்தில் மின்சாரத்தை நிறுத்தி வைத்தார்கள். லிஃப்ட் ஓடாத இடத்தில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு என்ன வேலை? கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலோடு வீட்டுக்கு நடந்தாள்.

சலூன் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வீட்டுக் கதவு தாழிடாமல் வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினாள்.

சத்தமில்லாத டீவியைப் பார்த்திருக்கிறீர்களா? அறை முழுக்க நீல வெளிச்சம் அலையடித்தது. மின்விசிறி மட்டும் மூச்சு விட்டது. அவர் தன் நாற்காலியைத் திரைக்கு மிக அருகில் இழுத்துப் போட்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு நடிகையின் முகம், பெரிதாக. முதலில் அடியில் எழுத்து வந்தது. அவர் படித்தார். எழுத்து மறைந்தது. அதன் பிறகே நடிகையின் உதடுகள் அசைந்தன, ஒலியே இல்லாமல். அவர் உதடுகளும் கூடவே அசைந்தன.

ரிமோட்டை அழுத்தி அதே காட்சியைப் பின்னால் இழுத்தார். மறுபடி எழுத்து. மறுபடி உதடு. மறுபடியும் இழுத்தார். இந்த முறை சப்டைட்டிலையே அணைத்துவிட்டார். வெறும் முகம். வெறும் உதடு. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, காலி அறைக்கு வேண்டியதைவிடச் சற்று உரக்கச் சொன்னார்:

“உன்னை நம்பினது என் தப்பு.”

தன்னிடம்தான் சொன்னாரோ என்று வாசலில் நின்றவள் ஒரு கணம் நினைத்தாள். அவர் எழுத்தைத் திரும்ப வரவழைத்தார். அதே வரி. பரீட்சையில் தேறியவர்போலத் தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டார்.

அவள் தோளிலிருந்து பை நழுவியது. ஸ்பேனர்களும் திருகுகளும் தரையில் கொட்டி, அறையின் நாலு மூலைக்கும் சத்தமாக உருண்டன.

அவர் திரும்பவில்லை.

“என்னங்க” என்றாள். நடிகை மறுபடி பேசத் தொடங்கினாள். “என்னங்க” என்றாள் மறுபடியும். அவர் பிடரி அசையாமல் நீலமாக மினுங்கியது.

நடந்து போய் அவருக்கும் டீவிக்கும் நடுவில் நின்றாள். அவர் முகத்திலிருந்து வெளிச்சம் போயிற்று.

“எப்பலேர்ந்து?”

அவர் அவள் வாயையே பார்த்தார். பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியைத்தான் இவ்வளவு நாளும் அலட்சியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

“தெரியல. கொஞ்சம் கொஞ்சமா” என்றார். “முதல்ல கொசு சத்தம் நின்னுச்சு. நல்லதுன்னு தூங்கினேன். அப்புறம் மழை. அப்புறம் நீ.”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் டீவியை நிறுத்தப் போனார். வேண்டாம், வெளிச்சம் இருக்கட்டும் என்று கைகாட்டினாள்.

மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. கடையில் கஷ்டமே இல்லையாம். எதிரே முழு நீளக் கண்ணாடி. வருகிறவர்கள் எல்லாரும் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். எல்லார் வாயும் நேராகத் தெரிகிறது. முகத்தில் நுரை போட்டுவிட்டால் மட்டும் ஒன்றும் புரியாது, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். அப்படித் தலையாட்டியதில் ஒருவருக்கு மீசையே போயிற்று. அந்த மனிதர் இன்றுவரை வேறு தெரு வழியாகப் போகிறார். அவளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்து தொலைத்தது.

வீட்டில்தான் பிடி கிடைக்கவில்லை என்றார். அதற்காகவே இந்தப் பயிற்சி. என்ன சொல்லப்போகிறார்கள் என்று முதலில் தெரிந்துவிட்டால், அந்தச் சொல்லுக்கு உதடு எப்படி மடிகிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். ஒலி வேண்டாம், பாதி கேட்டுப் பாதி விழுங்கி அது ஏமாற்றுகிறது. ரிமோட்டில் இதை எப்படிச் செய்வது என்று ஒருநாள் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்தார். கீழே, கீழே, வலது, அப்புறம் கடைசி வரியில் ஒரு அழுத்து. விரல் மனப்பாடம் செய்துகொண்டது. அந்தக் கடைசி அழுத்துதான் எல்லாப் படங்களுக்கும் என்ற வரி என்பது விரலுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவள் வருமுன் தான் பார்த்த படத்தை மட்டும் ஒழுங்காகப் பழையபடி வைத்துவிடுவார். ஆனால் இருவரும் சேர்ந்து பார்க்கும் படம் வேறு ஆயிற்றே. அது முந்திக்கொண்டுதான் ஓடியது. கார்டு புதிதாக வந்தபோது பயந்து இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் இருக்க முடியவில்லை.

“உன் பெட்டியை நானே கெடுத்துட்டேனேன்னுதான் கடையிலேயே படுத்துக்கறேன்னேன்” என்றார்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?”

“வெளியில தெரிஞ்சா காது கேக்காதவன்கிட்ட யாரு வந்து கழுத்தை நீட்டுவா?”

“எங்கிட்டன்னு கேட்டேன்.”

அவர் டீவியின் முதுகை எட்டிப் பார்த்தார். புது அடாப்டர், புது கேபிள், திறந்து கிடந்த பெட்டி.

“உங்கிட்ட சொன்னா நீ ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சிடுவே. நான் லிஃப்ட் இல்லம்மா.”

அவள் மனசு ஏற்கெனவே எதை முதலில் மாற்றலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது உண்மைதான்.

“ஊர்ல எல்லார் வாயும் எனக்குப் பாடம்” என்றார் அவர். “உன் வாய்தான் கிடைக்கவே மாட்டேங்குது. அடுப்பைப் பாத்துப் பேசறே. டீவிக்குப் பின்னாடி தலையை விட்டுக்கிட்டுப் பேசறே. சோபால பக்கத்துல உக்காந்தா உன் காதுதான் தெரியுது. உன் காதை வச்சு நான் என்ன பண்றது?”

அன்று படம் பார்க்கவில்லை. உருண்டுபோன ஸ்பேனர்களை இருவரும் முட்டிபோட்டுத் தேடி எடுத்தார்கள். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் அவள் அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, கிடைத்துவிட்டது என்று சொன்னாள்.

ஆந்தைக்கு அவள் அனுப்பிய பதில் சின்னது: பிடித்த ஆள் கிடைத்துவிட்டார், எண் அப்படியே இருக்கட்டும்.

அடுத்த சில நாட்கள் அவள் வேலை நேரத்தில் ஒரு வினோதம் நடந்தது. பராமரிப்பு முடிந்த லிஃப்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உச்சிக்கும் தரைக்கும் நடுவில் எங்கோ நிறுத்திவிட்டு, போனைக் கண்ணாடிமேல் சாய்த்து வைத்து, தன் முகத்தை வீடியோ எடுத்தபடி பேசினாள். நேர் மேலே வெள்ளை விளக்கு. உதட்டின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். சுற்றிலும் இருட்டுக் குழல். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, ஒரு பெண் தன் கணவனிடம் தினமும் சொல்வதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாவியை எங்கே வச்சீங்க. தண்ணி குடிச்சீங்களா. உங்க தங்கச்சி கோவிச்சுக்கிட்டா, போய் என்னன்னு கேளுங்க. ஏன் இப்படிப் பாக்கறீங்க. சொல்லிச் சொல்லி, நெடுநாளாகச் சொல்லாத சிலவும் வாயில் வந்தன. லிஃப்ட் அசையாமல் கேட்டுக்கொண்டது.

வீட்டில் உட்கார்ந்து அவளே சப்டைட்டில் தட்டினாள். பெட்டிக்குள் ஏற்றினாள். புதிதாக எதைப் போட்டாலும் இது இன்ன படம் என்று அனுமானித்துப் போஸ்டர் தேடிக்கொண்டு வருவது அந்த மென்பொருளின் சுபாவம். அவள் முகத்துக்கு அது எங்கோ ஒரு நாட்டின் மல்யுத்தப் படத்தைப் பிடித்து வந்தது. புஜம் புடைத்த ஒரு ஆள் மார்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“பரவால்லயே. ஆளைப் பாத்துத்தான் படம் போடுது” என்றார் அவர்.

அவள் அந்தப் போஸ்டரை மாற்றவில்லை.

மத்தியானங்களில் அவர் அவளைப் பார்த்தார். திரையில் எழுத்து வரும், மறையும், அவள் உதடு அசையும். சில வரிகளில் அவர் ரிமோட்டைத் தேடிப் பின்னால் இழுத்தார். புரியாததற்காகவா, வேறெதற்காகவா என்று அவள் கேட்கவில்லை. அடுப்படியில் நிற்பவள் இப்போது பேச வேண்டுமென்றால் கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்று பேசினாள். வந்து நிற்பதற்குள் பாதிப் பேச்சு தேவையில்லாமலும் போயிற்று. பாதிச் சண்டை அந்த நடையிலேயே தீர்ந்தது.

ஒருநாள் அந்தப் படம் முடிந்து, பெட்டி தன் நீலப் பின்னணிக்குத் திரும்பியிருந்தது. அவள் அவர் நாற்காலிக்கு நேர் எதிரே, தரையில் உட்கார்ந்தாள். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மாடியில் நாத்தனார் எதையோ இழுத்துப் போட்டாள். அதெல்லாம் அவளுக்கு மட்டும் கேட்டது.

குரலே இல்லாமல், உதட்டால் மட்டும், எழுத்தும் இல்லாமல் கேட்டாள். நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போலாமா?

அவர் பார்த்தார். அந்தச் சின்ன இடைவெளி வந்து நின்றது. அது நீண்டது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் கைகள் நாற்காலியின் பிடியை இறுக்கியதில் தெரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிட அவருக்கு முழு வசதி இருந்தது. அவள் வற்புறுத்தவில்லை. எதையும் மாற்றாமல் காத்திருந்தாள்.

அவர் உதடுகள் அசைந்தன. அவரும் குரலை விட்டுவிட்டார்.

ஏதோ மூன்று சொல். அவளுக்குப் பழக்கமில்லை. உதடு விரிந்தது, குவிந்தது, லேசாகத் திறந்தது, அதற்குள் முடிந்துபோயிற்று. அவள் அவர் முகத்தையே வெறித்தாள். இத்தனை வருஷம் பார்த்த வாய். ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

“திரும்பச் சொல்லுங்க” என்றாள்.

அவர் நாற்காலியிலிருந்து இறங்கி அவளுக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்தார். முகத்தை அவள் பக்கம் நேராக வைத்துக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, மறுபடி சொன்னார்.

நீயும். கூட. வரணும்.